ஃபிரிட்ஜில் வைத்த சாவி

உள்ளே வாருங்கள் சார். முதலில் கேட்டுக்குக் கொக்கி போடுங்கள். போட்டாயிற்றா? ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். சரி. செருப்பைச் சுவரோரமாக விடுங்கள், நடுவில் கிடந்தால் தடுக்கும். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

பத்து மணிக்கு வருகிறேன் என்றீர்கள். இப்போது பத்து ஏழு. மில்லில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஏழு நிமிஷத்துக்குச் சிவப்பு மையில் எழுதியிருப்பேன். போகட்டும், நீங்கள் வாத்தியார்.

உங்கள் கல்லூரி முதல்வருக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணையும் கூட்டி வந்திருக்கிறீர்கள். பார்த்தேன். வேப்ப மரத்தடியில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறது. நிற்கட்டும். உள்ளே வரக் கூடாது என்று சொன்னேன், சொன்னது சொன்னதுதான். நிழலில்தானே நிற்கிறது.

என் குறை ஒன்றே ஒன்று. உங்கள் பிள்ளைகள் நாலு பேர் இந்த வீட்டில் ஒரு பேய்ப் படம் எடுத்தார்கள். பதினோரு நிமிஷப் படம். அதில் என் குரல் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிற என் மனைவி திரும்பி வந்துவிடுவாள். எடுக்கிறவரை நீங்கள் கொண்டு வந்திருக்கிற தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், வீட்டுக்காரர் சம்மதம் இல்லை என்றால் மதிப்பெண் கிடையாது, நாலு பேரும் ஒரு வருஷம் உட்கார வேண்டும், எல்லாம் போனில் சொன்னீர்கள். உட்காரட்டும். உட்கார்ந்தால் கால் ஒன்றும் தேயாது.

தண்ணீர் குடியுங்கள். டம்ளரைத் தட்டின் மேலேயே வையுங்கள். மேஜையில் வளையம் விழும்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உங்களுக்கு அவர்கள் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

மோனிஷ் என்று ஒரு பையன், டைரக்டராம். பின் தெருவில்தான் வீடு. ஐப்பசியில் ஒரு நாள் கேட்டுக்கு வெளியே நாலு பேராக வந்து நின்றார்கள். "தாத்தா, உங்க வீடு சூப்பரா இருக்கு தாத்தா" என்றான். எதுக்குடா சூப்பர் என்றேன். "பேய்ப் படத்துக்கு" என்கிறான். அந்த வாய்க்கு அப்போதே துரத்தியிருக்க வேண்டும். மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வீடு சும்மாதான் கிடந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மோனிஷ் டைரக்டர். ரிச்சர்ட் என்கிற உயரமானவன் கேமரா. தாரணி என்கிற பெண் நடிப்பு. வெளியே நிற்கிறதே பெனாசிர், அது சத்தம் பிடிக்கிற வேலை. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுடைய மூளை.

முதலில் அவர்கள் வைத்திருந்த கதை உங்களுக்குத் தெரியுமா? புதிதாகக் கல்யாணமான பெண் ஒரு வீட்டுக்குக் குடிவருகிறாள். மாடிப்படியில் வெள்ளைப் புடவையில் பேய் நிற்கிறது. அவ்வளவுதான் கதை. பெண்ணும் தாரணிதான், பேயும் தாரணிதான். அது அரை மணிக்கு ஒரு தடவை புடவை மாற்றிக்கொண்டே இருந்தது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு படியில் இறங்கும்போது முந்தானை காலில் சிக்கி நாலு படி உருண்டது. பேய்க்கு ஒரு சேஃப்டி பின் குத்திக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டேன். ரிச்சர்ட் சிரித்தான். மோனிஷ் முறைத்தான்.

பட்டப்பகலில் இருட்டு வேண்டுமாம். ஜன்னலுக்கெல்லாம் கருப்புச் சார்ட் ஒட்டினார்கள். டேப்பை உரித்தால் பெயின்ட் வரும் என்றேன். வந்தது. போய்ப் பாருங்கள், இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பனிமூட்டத்துக்குச் சாம்பிராணி போட்டார்கள். புதன்கிழமையில் சாம்பிராணி. எதிர்வீட்டுக்காரர் வந்து "என்ன சார், வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன், பேய் வந்திருக்கிறது என்றா?

நான் திட்டவில்லை சார். சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மில்லில் அறுநூறு பேர் நான் சொல்லிக் கேட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அந்தப் பெண் வந்து நின்றது. கழுத்தில் ஹெட்போன். "தாத்தா, ஒரே ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. நடக்கக் கூடாது. வீட்டோட சத்தத்தை மட்டும் எடுக்கணும்."

"வீட்டுக்கு ஏதும்மா சத்தம்?"

"எல்லா வீட்டுக்கும் இருக்கும் தாத்தா. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. வசனத்துக்கு நடுவுல ஒட்டறதுக்கு அது வேணும். இல்லாட்டி படத்துல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்."

நீங்கள் சொல்லிக் கொடுத்ததாம். இருக்கட்டும். ஒரு நிமிஷம்தானே, எடுத்துக்கொள் என்றேன். என்னைவிட நிமிஷம் தெரிந்தவன் யார்?

அது நேராகப் போய் ஃபிரிட்ஜை அணைத்தது. ஃபிரிட்ஜ் உறுமுகிறதாம். அணைத்துவிட்டு, ரிச்சர்ட்டிடம் பைக் சாவியை வாங்கி ஃபிரிட்ஜுக்குள் வைத்தது. தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில். பைக் சாவி, சார். அந்தச் சாவி எங்கெங்கே கிடந்ததோ, எந்தக் கையில் இருந்ததோ.

என்ன இது என்றேன். "திருப்பி ஆன் பண்ண மறந்துடுவோம் தாத்தா. சாவி உள்ள இருந்தா கிளம்பறப்பத் தேடுவோம், ஃபிரிட்ஜைத் திறப்போம், ஞாபகம் வந்துடும்" என்றது. ஷூட்டிங் வீட்டில் எல்லாரும் இப்படித்தான் செய்வார்களாம். ஞாபகம் வைத்துக்கொள்ளத் தலை என்று ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டுத் தயிருக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் சாவியை எடுத்துத் துடைத்து வாசல் ஆணியில் மாட்டினேன். சாவி என்றால் ஆணியில்தான் இருக்க வேண்டும். சாயங்காலம் கிளம்பும்போது ரிச்சர்ட் ஆணியில் சாவியைப் பார்த்தான், எடுத்தான், போய்விட்டார்கள். ஃபிரிட்ஜ் அணைந்தே கிடந்தது. காலையில் ஹால்வரைக்கும் தண்ணீர். மாவு பொங்கி வழிந்திருக்கிறது. பால் திரிந்துவிட்டது. யார் தப்பு? சொல்லுங்கள். என்னைப் பார்க்காதீர்கள். நான் சாவியை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.

ஏன் நான் கவனிக்கவில்லை என்கிறீர்களா? கவனித்தேன். சாயங்காலம் முழுக்க வீட்டில் என்னவோ சரியில்லை. என்ன என்று பிடிபடவில்லை. கதவைப் போய்ப் பார்த்தேன், கேஸைப் பார்த்தேன், மொட்டை மாடிக் கதவைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஒன்றுமே கேட்கவில்லை. சுலோச்சனா ஓசூர் போனதிலிருந்து இந்த வீட்டில் கேட்கிற சத்தம் அந்த ஃபிரிட்ஜ் ஒன்றுதான். சுலோச்சனா என் மனைவி. அந்தச் சத்தம் நின்றுவிட்டது என்பது காலையில் காலில் தண்ணீர் பட்டபோதுதான் தெரிந்தது.

அவள் போய்ப் பதினைந்து மாசம். பேத்திக்குக் கால் முறிந்தது, பத்து நாள் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று போனாள். கால் கூடிவிட்டது. கொக்கோ ஆடுகிறாளாம், மாவட்ட அளவில். இருந்தாலும் முறிந்த கால் முறிந்த கால்தானே. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா. அதனால் இருக்கிறாள்.

ஃபேன் வேகம் போதுமா? மூன்றில் வைத்தால் போதும். நாலில் வைத்தால் காலண்டர் அடித்துக்கொள்ளும்.

அந்த ஒரு நிமிஷத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் ஃபிரிட்ஜ் மேலே ஒரு சின்னக் கருவியை வைத்தது. நாலு பேரும் சிலை மாதிரி நின்றார்கள். நானும் நின்றேன். "ஸ்டார்ட்" என்றது. சரி என்று நின்றேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் குழாய் சொட்டுகிறது. "குழாயை யாரு சரியா மூடலை?" என்றேன். அது ஹெட்போனைக் கழற்றி, "தாத்தா, மறுபடி முதல்லேர்ந்து" என்றது. குழாய் சொட்டினால் சொல்ல வேண்டாமா?

மறுபடி எடுத்தார்கள். அடுப்படி விளக்கு வீணாக எரிந்துகொண்டிருந்தது. சொன்னேன். மூன்றாவது தடவை அந்த மோனிஷ் சுவரில் சாய்ந்து நின்றான், எண்ணெய்த் தலை. சொன்னேன். அப்புறம் பாத்திரம். மேடை ஓரத்தில் பாத்திரத்தை வைக்காதே என்று இந்த வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அப்புறம் மூடி. அப்புறம் கால்மிதி. இரண்டு நாளில் எட்டுத் தடவை எடுத்தார்கள். எட்டிலும் ஏதாவது ஒன்று இருந்தது. இந்த வீட்டில் ஒவ்வொன்றையும் நான் சொன்னால்தான் நடக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் வீடு என்ன ஆகும்?

கடைசித் தடவை மட்டும் அந்தப் பெண் கோபப்பட்டது. "தாத்தா, ஒரு நிமிஷம். அறுபது செகண்டு. உங்களால முடியாதா?" என்றது. முடியும், நீங்கள்தான் தயாராக இல்லை என்றேன். அதற்கு அந்தத் தாரணி, பேய் வேஷத்தோடு, மெதுவாகச் சொன்னது: "விடு பெனா. எங்க அப்பாவும் இப்படித்தான்."

எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கிளம்பிப் போனார்கள். நன்றிகூடச் சொன்னார்கள். மார்கழியில் மோனிஷ் வந்து, கல்லூரியில் படம் போடுகிறோம், வாங்க தாத்தா என்றான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நீங்கள்கூட வந்து கை கொடுத்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? இருக்காது.

விளக்கை அணைத்தார்கள். வீடு வருகிறது, என் வீடு. தாரணி வருகிறது, சாதாரணப் புடவை, புதுப்பெண் வேஷத்தில் எடுத்தார்களே அது, வீட்டு வேலை செய்கிறது. பேய் எப்போது வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பேயே வரவில்லை. மாடிப்படியைக் காணோம், சாம்பிராணியைக் காணோம், வெள்ளைப் புடவையைக் காணோம். அந்தப் பெண் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிறது. அப்போது கேட்கிறது. "குழாயை யாரு சரியா மூடலை?"

வீட்டில் வேறு ஆள் கிடையாது. முகமும் கிடையாது. குரல் மட்டும். அது பயந்துபோய்க் குழாயை மூடுகிறது. "லைட்டு யாருக்காக எரியுது?" விளக்கை அணைக்கிறது. "அங்க வைக்காத." எடுத்து இங்கே வைக்கிறது. போகப்போக அந்தக் குரல் வருவதற்கு முன்னாலேயே அது எல்லாவற்றையும் செய்து வைக்கிறது. ஓடி ஓடிச் செய்கிறது. குரல் நிற்கவில்லை. கடைசியில் அது நடு ஹாலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, செய்ய ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது. குரல் வரவில்லை. அது காத்துக்கொண்டு நிற்கிறது. முகம் மட்டும் பெரிதாக. அதோடு முடிந்தது.

அமைதி எடுக்கிறேன் என்று வந்தவர்கள் என் குரலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இதற்கு என்ன பெயர்?

எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள், யாரோ ஒரு பையனுடைய தாயார், படம் பார்க்கும்போதே நாற்காலிக்கு அடியில் கிடந்த தன் கைப்பையை எடுத்து மடியில் நேராக வைத்துக்கொண்டாள். அந்த அளவுக்கு எடுபட்டது. பிறகு கை தட்டினார்கள், நிறைய நேரம். என் குரல் திரையில் நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. கடைசியில் பெயர் போட்டார்கள். டைரக்டர், கேமரா, எல்லாம் போட்டுவிட்டு அடியில் 'சிறப்பு நன்றி: குழந்தைவேலு தாத்தா'. சிறப்பு நன்றியாம். பதினோரு நிமிஷத்தில் ஒன்பது நிமிஷம் பேசியிருப்பது நான். 'குரல்' என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் எழுந்து சொல்ல முடியுமா.

காலை எடுத்துவிட்டீர்கள். நல்லது. ஸ்டூல் மேல் கால் வைத்தால் ஸ்டூல் சாயும். சொல்வதற்குள் நீங்களே எடுத்துவிட்டீர்கள். படித்தவர்.

இப்போது ஓசூர் கதை. இதுதான் முக்கியம்.

பொங்கலுக்கு அவள் வருவதாக இருந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று. மகள் பூங்கோதை போனில் சொன்னாள், அம்மா பையில் புடவையெல்லாம் அடுக்கி வைத்துவிட்டாள் என்று. நான் வீட்டைக் கழுவிவிட்டேன். அரிசிப் பானையைக்கூடத் துடைத்து வைத்தேன்.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால், இந்தப் பிள்ளைகள் படத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள். அதை யாரோ மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் டிவியில் போட்டிருக்கிறார். ஹாலில் டிவி. சுலோச்சனா அடுப்படியில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருக்கிறாள். படம் போட்டது அவளுக்குத் தெரியாது. டிவியை அவள் பார்க்கவே இல்லை.

பூங்கோதை சொன்னதை அப்படியே சொல்கிறேன். குழாய் என்று குரல் வந்ததும் சுலோச்சனா எட்டிக் குழாயை இறுக்கி மூடினாளாம். லைட்டு என்றதும் விளக்கை அணைத்தாளாம். அடுப்பு எரிகிறது, இருட்டில் நிற்கிறாள். அங்கே வைக்காதே என்றதும் மாவுக் கிண்ணத்தைத் தூக்கி உள்ளே தள்ளி வைத்தாளாம். பூங்கோதை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்புறம் சுலோச்சனா சப்பாத்தியை அப்படியே விட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, "அப்பா எப்ப வந்தாரு?" என்று கேட்டாளாம். சோபாவைப் பார்த்திருக்கிறாள். கதவுக்குப் பின்னால் பார்த்திருக்கிறாள்.

டிவி என்று சொன்னார்கள். அவள் உள்ளே போய்ப் பையைத் திறந்து, அடுக்கியிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

"அம்மா வரலப்பா. எப்பன்னு கேக்காதீங்க" என்றாள் பூங்கோதை. மாப்பிள்ளை டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். முன்னெல்லாம் போனில் நான் பேசினால் அவள் 'ம்' என்பாள். இப்போது அதுவும் இல்லை.

பார்த்தீர்களா, நாலு பிள்ளைகள் சேர்ந்து என்ன வேலை செய்து வைத்திருக்கிறார்கள்? நாற்பத்தாறு வருஷக் குடித்தனம். ஓசூரில் இருந்தாலும் நான் சொன்னால் குழாயை மூடுகிறாள். அப்படிப்பட்டவளைப் படம் போட்டுக் கலைத்துவிட்டார்கள். அந்தப் படம் மட்டும் இல்லாவிட்டால் பொங்கலுக்கு வந்திருப்பாள். இங்கேதான் இருந்திருப்பாள், இப்போது உங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்திருப்பாள்.

அந்த ஃபைலில் என்ன? கொடுங்கள். பிள்ளைகள் எழுதியதா. படம் எடுத்தது பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டும் என்பது உங்கள் விதியா. கண்ணாடி எடுத்து வருகிறேன்.

மோனிஷ். 'குழுவாக வேலை செய்வதில் விட்டுக்கொடுத்தல் முக்கியம் என்று கற்றுக்கொண்டேன். என் பேய்க் கதையை நான் விட்டுக்கொடுத்தேன்.' அந்தக் கதையை நாய்கூட எடுத்துக்கொள்ளாது. ரிச்சர்ட். 'வெளிச்சம் குறைவான இடத்தில் படம் பிடிக்கும் முறை.' என் சுவர்ப் பெயின்ட் போனது பற்றி ஒரு வரி இல்லை. தாரணி. 'நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. குரல் கேட்டதும் எங்கள் வீட்டில் செய்வதைச் செய்தேன்.' இது ஒரு பக்கம்கூட எழுதவில்லை, இரண்டே வரி. நல்ல பெண், அளவாக எழுதியிருக்கிறது.

இது பெனாசிர். கையெழுத்து பொடியாக இருக்கிறது. நீங்களே படியுங்கள். சத்தமாக.

நிறுத்துங்கள். அந்த வரியை மறுபடி.

'எட்டு முறை எடுத்ததையும் வரிசையாகக் கேட்டேன். எட்டிலும் நான் ஸ்டார்ட் சொல்லிப் பதினைந்து நொடிக்குள் தாத்தா பேசுகிறார். முதல் முறை எடுத்ததில் குழாய் சொட்டுவது நாற்பதாவது நொடியில்தான் கேட்கிறது. அவர் குழாயைப் பற்றி அதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். அவர் எங்களைத் திட்டவில்லை என்று நினைக்கிறேன். வீடு அமைதியாவது அவருக்குப் பயமாக இருக்கிறது.'

பயமாம். எனக்கு. இது எத்தனாவது வருஷம் படிக்கிறது? மூன்றாம் வருஷம். மூன்று வருஷத்தில் இதுதான் சொல்லிக் கொடுத்தீர்களா?

ம், படியுங்கள். மிச்சத்தையும் படியுங்கள்.

'அமைதி கிடைக்காத கோபத்தில்தான் அவர் குரலை எடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை. அது தப்பு. படம் நன்றாக வந்துவிட்டதால் தப்பு இல்லை என்று நாங்கள் நாலு பேரும் பேசி வைத்துக்கொண்டோம். குரலை எடுத்துவிட வேண்டும். அந்த இடங்களில் அந்த வீட்டின் சத்தத்தை மட்டும் வைக்கலாம். அதற்கு ஒரு நிமிட அமைதி வேண்டும். தாத்தா அனுமதித்தால் மறுபடி போய் எடுக்கிறேன்.'

அதற்குத்தான் கூட்டி வந்தீர்களா. முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே. முக்கால் மணி நேரம் என்னைப் பேச விட்டுவிட்டு.

குரல் இல்லாமல் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? ஒரு பெண் வீட்டில் தனியாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். யாருக்குப் பயமாக இருக்கும்? என்ன? கூடுதலாகவே பயமாக இருக்கும் என்கிறீர்களா. உங்கள் இஷ்டம்.

கூப்பிடுங்கள் அதை. கேட்டுக்குக் கொக்கி போடச் சொல்லுங்கள்.

வா. செருப்பை... சரி, சுவரோரமாகத்தான் விட்டிருக்கிறாய். வெயிலில் நின்றாயா? நான் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்கிறாயா? அப்புறம் குடி. முதலில் வேலை.

அதே இடம்தான், ஃபிரிட்ஜ் மேலே. அணைத்துக்கொள். சாவி யாருடையது, சாருடைய ஸ்கூட்டர் சாவியா? உள்ளே வை. நான் எடுக்க மாட்டேன். தயிருக்குப் பக்கத்திலேயே வை, பரவாயில்லை.

சார், நீங்கள் அசையக் கூடாது. ஃபேனை நீங்களே அணைத்துவிட்டீர்களா. சரி.

நான் இங்கே நிற்கிறேன். தயார். ஆரம்பி.

முடிந்ததா?

இன்னும் இரண்டு நொடி இருந்தது என்கிறாயா. என் கடிகாரத்தில் அறுபது ஆயிற்று. உன் கருவி மெதுவாக ஓடும். போகட்டும், ஐம்பத்தெட்டு போதும் இல்லையா? போதும் என்றால் போதும் என்று சொல்.

குழாய் சொட்டியது. சார், உங்களுக்குக் கேட்டதா? ஒன்பது சொட்டு. நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு விசில். சொல்லவில்லை. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்போதும் நான் பேசவில்லை. நீங்கள் சாட்சி.

உட்காருகிறேன். ஃபிரிட்ஜைப் போடு. முதலில் ஃபிரிட்ஜைப் போடு.

ம். இப்போது சரி.

தாளைக் கொடுங்கள் சார். பேனா என்னிடம் இருக்கிறது. எங்கே போட வேண்டும், இங்கேயா? வெள்ளிக்கிழமை அந்த ஆளிடம் காட்டிக்கொள்ளுங்கள். குரலை எடுத்த பிறகு 'சிறப்பு நன்றி' போதும். அப்படியே விட்டுவிடுங்கள்.

இந்தா, பெனாசிர். இப்போது எடுத்தாயே, அதைப் போனில் அனுப்ப முடியுமா? ஓசூருக்கு. நம்பர் சொல்கிறேன், எழுதிக்கொள். பூங்கோதை என்று போட்டுக்கொள். அம்மாவிடம் கொடுக்கச் சொல்.

என்ன எழுதுவதா? ஒன்றும் எழுத வேண்டாம். இல்லை, எழுது. ஒரு நிமிஷம் ஓடும், அதில் அப்பா இருக்கிறார் என்று எழுது. எழுதாவிட்டால் அவளுக்குத் தெரியாது. ஒன்றும் கேட்கவில்லையே என்று மூடி வைத்துவிடுவாள்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? உன் கருவியில் அந்தச் சிவப்பு விளக்கு என்ன, இன்னும் ஓடுகிறதா அது? இவ்வளவு நேரம் நான் பேசியதெல்லாம் விழுந்திருக்கிறதா?

முதல் நிமிஷத்தை மட்டும் அனுப்பு. மிச்சத்தை வெட்டிவிடு. நான் பேசியது ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது.